காயமும் காய்ச்சலும்

பாலிக் புலாவ் பக்கம் தோட்ட வேலை செய்கிறவர்களுக்குக் கையில் ஒரு வெட்டு, காலில் ஒரு முள் என்பது புதிதல்ல. காலையில் முள் குத்திய இடம் மாலைக்குள் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. இதெல்லாம் கிருமியின் வேலை என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் இது பெரும்பாலும் நம் உடம்பே செய்யும் வேலை. இதற்கு அழற்சி என்று பெயர்.

தோலுக்கு அடியில் கிருமிகளை விழுங்கும் உயிரணுக்கள் பிறந்த நாள் முதலே காவல் இருக்கின்றன. அவற்றின் மேற்புறத்தில் கிருமியை அடையாளம் காணும் புரதங்கள் உண்டு. 'டோல்' வகைப் புரதங்கள் எனப்படும் இவற்றின் வேலையைக் கண்டறிந்ததற்காக 2011-இல் ஹாஃப்மன், பாய்ட்லர் என்ற இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

கிருமி வந்தது தெரிந்ததும் உயிரணு என்ன செய்கிறது? அதற்குள் 'என்.எஃப். கப்பா பி' என்றொரு புரதம் இருக்கிறது. 1986-இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகியோர் இதை அறிவித்தார்கள். சாதாரண நாளில் 'ஐ கப்பா பி' என்ற இன்னொரு புரதம் இதைப் பூட்டுப்போல் பிடித்து வைத்திருக்கும். ஆபத்து என்ற செய்தி வந்ததும் பூட்டு சிதைக்கப்படுகிறது. விடுபட்ட புரதம் உயிரணுவின் கருவுக்குள் சென்று, சைகைப் புரதங்களைச் செய்யும்படி கட்டளையிடுகிறது.

அந்தச் சைகைப் புரதங்கள் அருகிலுள்ள இரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்துகின்றன. நீரும் வெள்ளை அணுக்களும் காயத்துக்குள் இறங்குகின்றன. வீக்கம் அதனால்தான். சில புரதங்கள் மூளைவரை சென்று காய்ச்சலையும் உண்டாக்குகின்றன.

சண்டை முடிந்தால் ஓய வேண்டுமே! அதற்கும் வழி உண்டு. அதே கட்டளையே புதிய பூட்டையும் செய்யச் சொல்கிறது. புதிய 'ஐ கப்பா பி' கருவுக்குள் புகுந்து, கட்டளையிட்ட புரதத்தை வெளியே இழுத்து வந்து மறுபடி பூட்டிவிடுகிறது. அடுப்பை மூட்டிய கையே அணைக்கவும் தண்ணீர் வைத்திருப்பது போல.

இந்தக் கட்டுப்பாடு தவறினால் என்ன ஆகும்? அதற்குச் சான்று நம் பினாங்கிலேயே இருக்கிறது. இங்கே டிங்கிக் காய்ச்சல் கண்டது பற்றி 1902-லேயே மருத்துவ ஏட்டில் எழுதப்பட்டது. 1962-இல் இரத்தக்கசிவுடன் கூடிய கடுமையான டிங்கி இந்நாட்டில் முதன்முதலாகப் பினாங்கில்தான் அறியப்பட்டது. இந்த நோயில் சைகைப் புரதங்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. வைரஸ் வெளிவிடும் ஒரு புரதமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு காயத்தருகே மட்டும் தளர வேண்டிய குழாய்ச்சுவர் உடம்பெங்கும் தளர்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. உயிருக்கே ஆபத்து.

தாய்மார்களே, இதை மறக்காதீர்கள். கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் தொடங்கும். "சூடு குறைந்துவிட்டது, பிள்ளை பள்ளிக்குப் போகட்டும்" என்று விட்டுவிடக்கூடாத நாள்கள் இவை. கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டிங்கி என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அது இரத்தக்கசிவைக் கூட்டும். அளவறிந்து பாராசிட்டமால் கொடுத்து, நீராகாரம் நிறையக் குடிக்கச் செய்யுங்கள்.

டிங்கி வைரஸில் நான்கு வகை உண்டு. ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை மறுபடி வரலாம்; அப்போது கடுமையாகும் வாய்ப்பும் அதிகம். ஆகவே பழைய டயர், டின், தேங்காய்ச் சிரட்டை, மரத்தில் விட்டுப்போன பால் மங்கு இவற்றில் தேங்கிய தண்ணீரை வாரந்தோறும் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள்.

உடம்புக்குள் பூட்டும் சாவியும் இயற்கை தந்தவை. வீட்டு வாசலில் தேங்கிய நீரைக் கொட்டுவது நம் கையில்தான் இருக்கிறது.