ஆறு மணிகள், மூன்று பேர்: இங்கிலாந்துத் தேவாலயக் கோபுரங்களின் பயிற்சி மாலைகள்

இங்கிலாந்துக்குப் புதிதாகக் குடிபோனவர்களில் பலர் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பார்கள். வார நாளொன்றில் மாலை ஏழரை மணி. அன்று ஞாயிறு இல்லை. திருமணமோ மரணச் சடங்கோ எதுவும் இல்லை. ஆனாலும் அருகிலுள்ள தேவாலயக் கோபுரத்தில் மணிகள் ஒலிக்கத் தொடங்குகின்றன. பெரிய மணி ஒன்று பிந்துகிறது, சின்ன மணி ஒன்று முந்திவிடுகிறது. இரண்டு மணிகள் ஒரே நேரத்தில் அடித்துக் குழம்புகின்றன. திடீரென எல்லாம் நின்றுவிடுகிறது. சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் ஆரம்பம். ஒன்பது மணியளவில் முற்றாக ஓய்ந்துவிடும்.

கோபுரத்துக்குள் நடப்பது மணியடிப்போரின் வாராந்தப் பயிற்சி. ஆசிரியரும் தாதியும் தச்சரும் பாடசாலைப் பிள்ளையும் ஓய்வூதியரும் வட்டமாக நின்று, ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்தபடி பழகிக்கொண்டிருப்பார்கள். இதற்கு எவருக்கும் சம்பளம் கிடையாது.

யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ தேவாலய மணியோசையோடு வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். நாம் அறிந்த மணி ஒருவர் கயிற்றை இழுத்தால் ஒலிக்கும். திரிகால செபத்துக்கும் பூசைக்கும் துக்கத்துக்கும் அடிக்கும் விதம் மட்டும் மாறும். அதற்கு எட்டுப் பேர் எதற்கு? வாராவாரம் பயிற்சி எதற்கு?

தலைகீழாக நிற்கும் மணி

பதில் மணி பொருத்தப்பட்டிருக்கும் முறையில் இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் தேவாலய மணி தொங்கியபடி முன்னும் பின்னும் ஆடும், அல்லது அசையாமல் நிற்க ஒரு சுத்தியல் அதை அடிக்கும். இங்கிலாந்திலோ 17ஆம் நூற்றாண்டு முதல் மணியை ஒரு முழு மரச்சில்லில் பொருத்தும் வழக்கம் பரவியது. சில்லைச் சுற்றிவரும் கயிறு கீழே உள்ள அறைக்கு இறங்குகிறது.

அடிக்கத் தொடங்குவதற்கு முன் மணியைச் சிறிது சிறிதாக ஆட்டி, அதன் வாய் மேலே பார்க்கும்படி நிறுத்திக்கொள்வார்கள். பிறகு ஒவ்வோர் இழுப்புக்கும் மணி ஏறக்குறைய ஒரு முழு வட்டம் சுழன்று, மறுபடியும் வாய் மேலே பார்க்கும் நிலைக்கு வரும். ஒரு சுழற்சிக்கு நாக்கு ஒரு தடவை அடிக்கும். அடுத்த இழுப்பில் அதே வட்டம் எதிர்ப்பக்கமாக.

வாய் மேலே பார்க்கும் அந்த இடத்தில் மணி கிட்டத்தட்டச் சமநிலையில் நிற்கிறது. அங்கே அதைக் கண நேரம் தாமதிக்கச் செய்யலாம், அல்லது சற்று முந்தித் திரும்ப விடலாம். மணியடிப்பவர் கையில் உள்ள கட்டுப்பாடு முழுவதும் இதுதான். சிறிய ஊர்க் கோபுரங்களிலேயே பல நூறு கிலோ எடையுள்ள மணிகள் இருக்கின்றன. லிவர்பூல் அங்கிலிக்கன் பேராலயத்தின் மிகப் பெரிய சுழல் மணி நான்கு தொன்னுக்கும் மேல். இத்தகைய எடையைப் பலத்தால் அடக்க முடியாது. இழுக்க வேண்டிய நேரம் தெரிந்தால் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகூட அடிக்கலாம்.

தவறினால் ஆபத்தும் உண்டு. மணி எல்லை மீறிச் சுழலாமல் இருக்க ஒரு மரத்தாங்கி பொருத்தியிருப்பார்கள். மட்டுமீறி இழுத்தால் அந்தத் தாங்கி முறியும், கயிறு மின்னல் வேகத்தில் மேலே பாயும். கயிற்றை விடாமல் பிடித்திருப்பவரும் அதனோடு மேலே இழுபடுவார். ஆகவே எப்போது கயிற்றைக் கைவிட வேண்டும் என்பது புதியவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று. கயிற்றைத் தனியாகக் கையாளப் பழகவே ஒருவருக்கு ஆசிரியரோடு பத்துப் பதினைந்து மணித்தியாலங்கள் தேவைப்படலாம்.

மெட்டு இல்லை, வரிசை உண்டு

இவ்வாறு சுழலும் மணி ஏறத்தாழ இரண்டு செக்கனுக்கு ஒரு தடவைதான் ஒலிக்கும். நினைத்தபோது அடிக்கவோ ஒரே சுரத்தை உடனே திருப்பவோ முடியாது. ஆகவே அதில் பாட்டு வாசிக்க இயலாது. ஆனால் எல்லா மணிகளும் ஒவ்வொரு தடவை அடித்து முடிந்ததும் அடுத்த சுற்றில் அவற்றின் ஒழுங்கை மாற்றலாம். சற்றுத் தாமதித்தால் ஓரிடம் பின்னே போகலாம், சற்று முந்தினால் ஓரிடம் முன்னே வரலாம். ஒரு சுற்றுக்கு ஓர் இடத்துக்கு மேல் எந்த மணியும் நகர்வதில்லை. இந்த இயற்பியல் எல்லையே கலையின் முதல் விதி. ஒருமுறை வந்த ஒழுங்கு திரும்ப வரக்கூடாது என்பது அடுத்த விதி.

நான்கு மணிகளை வைத்துப் பார்ப்போம். மிக உயர்ந்த சுரமுள்ள சிறிய மணி 1, மிகப் பெரியது 4.

1234
2143
2413
4231
4321
3412
3142
1324

இதில் 1 என்ற எண்ணைப் பின்தொடர்ந்து பாருங்கள். முதலிடத்திலிருந்து ஒவ்வோர் இடமாகக் கடைசிக்குப் போய், அங்கே இரண்டு அடி அடித்துவிட்டு, மறுபடியும் ஒவ்வோர் இடமாக முன்னே வருகிறது. மற்ற மணிகளும் அவ்வாறே ஒன்றையொன்று கடந்து போகின்றன. கடைசி வரிக்குப் பிறகு அப்படியே தொடர்ந்தால் 1234 திரும்ப வந்துவிடும். அதைத் தவிர்க்க, அந்த இடத்தில் கடைசி இரண்டு மணிகளை மட்டும் மாற்றி 1342 என்று தொடங்குவார்கள். இப்படி மூன்று தடவை செய்தால் நான்கு மணிகளில் சாத்தியமான 24 ஒழுங்குகளும் ஒன்றுகூட விடுபடாமல், ஒன்றுகூட இரட்டிக்காமல் வந்து, 1234இல் முடியும்.

மணிகள் கூடக்கூட எண்ணிக்கை பெருகும். ஐந்து மணிகளுக்கு 120, ஆறுக்கு 720, ஏழுக்கு 5,040. ஏழு மணிகளின் எல்லா ஒழுங்குகளையும் அடிக்க ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் ஆகும். எட்டு மணிகளின் 40,320 ஒழுங்குகளையும் ஆள் மாறாமல் எட்டுப் பேர் 1963இல் லஃப்பரோ நகரில் அடித்து முடித்தார்கள். அதற்குக் கிட்டத்தட்ட 18 மணித்தியாலம் எடுத்தது. பன்னிரண்டு மணிகளுக்கோ முப்பது வருடம் போதாது.

இந்தக் கலையின் முதல் நூல் 1668இல் வெளிவந்தது. அதை வெளியிட்ட அச்சுத் தொழிலாளி ஃபேபியன் ஸ்டெட்மன் 1677இல் தன் சொந்த நூலையும் எழுதினார். அடுத்தடுத்துள்ள இரண்டை மட்டும் இடம் மாற்றி எல்லா ஒழுங்குகளையும் பெறும் வழியைக் கணினி விஞ்ஞானம் படிப்பவர்கள் ஸ்டைன்ஹவுஸ், ஜோன்சன், ட்ரொட்டர் ஆகியோரின் பெயரில் படிக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டுக் கணிதவியலாளர்களின் பெயரைத் தாங்கும் அந்த வழிமுறையை ஆங்கிலேய மணியடிப்போர் 17ஆம் நூற்றாண்டிலேயே கைக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி மாலையில் நடப்பது

அடிக்கும்போது கையில் தாள் இருக்காது. எண்கள் முழுவதையும் மனனம் செய்வதும் இல்லை. தன் மணி போகும் பாதையை ஒரு வளைந்த கோடாக மனத்தில் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் கயிறுகளைக் கண்ணால் கவனித்து, தன் மணியின் ஓசையைக் காதால் சரிபார்த்து அடிக்கிறார்கள். இதை வீட்டில் தனியே இருந்து படிக்க முடியாது. மாலைப் பயிற்சி அதற்குத்தான்.

பயிற்சியை நடத்துபவரைக் கோபுரத் தலைவர் என்பார்கள். குறுகிய சுழற்படிகளில் ஏறி எல்லோரும் கூடியதும், யார் எந்தக் கயிறு என்று அவர் சொல்வார். சிறிய மணிக்காரர் மற்றவர்களைத் தயாராகச் சொல்லிவிட்டு இழுக்க, பெரிய மணி வரை இறங்குவரிசையில் ஓசை வரும். முதலில் இந்த நேர்வரிசை. பிறகு தலைவர் ஒவ்வொரு மாற்றமாகக் குரல் கொடுக்க, அதன்படி இடம் மாறுவார்கள். அதற்கும் பிறகுதான் குரல் இல்லாமல் மனத்தில் உள்ள பாதையில் அடிப்பது. புதியவருக்குப் பின்னால் அனுபவசாலி ஒருவர் நின்று காதோரம் வழிசொல்வார். குழம்பிவிட்டால் தலைவர் நிறுத்தச் சொல்வார். வெளியே வீதியில் போகிறவர் கேட்கும் அந்தத் திடீர் அமைதி இதுதான். முடிந்ததும் பல ஊர்களில் அருகிலுள்ள மதுச்சாலைக்குப் போய்க் கதைத்திருந்துவிட்டே வீடு திரும்புவார்கள்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. புதியவர் ஒருவர் பாதையைக் கற்க, சுற்றியுள்ள மற்ற மணிகள் தடுமாறாமல் ஒலிக்க வேண்டும். ஆறு மணிக் கோபுரத்தில் ஐந்து பேர் தேர்ந்தவர்களாகவும் ஒருவர் புதியவராகவும் இருந்தால் அவர் விரைவில் தேறுவார். மூன்று பேர் மட்டுமே எஞ்சியுள்ள கோபுரத்தில் நான்காமவர் வந்தாலும், அவருக்குக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாமே தவிர அதற்கு மேல் கொண்டுபோக முடியாது. சலித்துப்போய் அவர் நின்றுவிடுவார். வயது போய் மூவரில் ஒருவர் விலகினால் கோபுரம் மௌனமாகும். இங்கிலாந்தில் இவ்வாறு சுழலும் மணிகளைக் கொண்ட கோபுரங்கள் ஐயாயிரத்துக்கு மேல் உள்ளன. அவை எல்லாவற்றிலும் ஞாயிறு தோறும் அடிக்க ஆட்கள் இல்லை.

இதற்குக் கண்ட வழி கூட்டுப் பயிற்சி. அயலூர்க் கோபுரங்கள் நான்கைந்து சேர்ந்து ஒவ்வொரு தடவையும் ஒரு கோபுரத்தில் கூடுகின்றன. ஓரிடத்தில் மூன்று பேர், இன்னோரிடத்தில் நான்கு பேர் என்று வந்தால் ஆறு மணிகளும் ஒலிக்கும், மாற்றி நிற்கவும் ஆள் இருக்கும். பிரதேசச் சங்கங்கள் இத்தகைய மாலைகளை ஒழுங்குசெய்கின்றன. அவற்றுக்கெல்லாம் பொதுவான மத்திய சபை 1891இல் உருவானது. மணியடிப்போருக்கென்றே 1911 முதல் ஒரு வாரப் பத்திரிகையும் வந்துகொண்டிருக்கிறது.

தேவாலயமும் மணியடிப்போரும்

இவர்கள் எல்லோரும் பக்தர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் மணியறைகளுக்கென்றே பெரிய பியர்ச் சாடிகள் செய்யப்பட்டன. மணியை அடித்துவிட்டு ஆராதனைக்கு நிற்காமல் போய்விடுகிறார்கள் என்று குருமார் சலித்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் குருமார் முன்னின்று மணியறைகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் மணியடிப்போரில் நம்பிக்கையாளர்களும் உண்டு, நம்பிக்கையற்றவர்களும் உண்டு. கணிதத்துக்காக வருபவர், உடற்பயிற்சிக்காக வருபவர், புதிய ஊரில் பழக நான்கு மனிதர் வேண்டும் என்று வருபவர் எல்லோரும் ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள். மணிகள் தேவாலயத்துக்கு உரியவை, கலை அதை அடிப்பவர்கள் கையில் இருக்கிறது. ஒருவரின்றி மற்றவர் இயங்க முடியாது.

வரலாறு இந்தக் கோபுரங்களைச் சில தடவை மௌனமாக்கியிருக்கிறது. 1940 யூனில், எதிரி தரையிறங்கினால் மட்டுமே மணி அடிக்கலாம் என்று தடை வந்தது. எல் அலமெயின் வெற்றிக்காக 1942 நவம்பரில் அடிக்க இடமளித்தார்கள். 1943இல்தான் தடை நீங்கியது. முதலாம் உலகப் போரில் ஏறத்தாழ 1,400 மணியடிப்போர் உயிரிழந்தார்கள். அந்தப் போர் முடிந்த நூற்றாண்டு நிறைவை ஒட்டி 2018இல் அதே எண்ணிக்கையில் புதியவர்களைச் சேர்க்க ஓர் இயக்கம் நடந்தது, இலக்கையும் தாண்டியது. அவர்கள் கற்றுத் தேறுவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா வந்து கோபுரங்களை மூடியது. சிலர் இணையத்தில் ஆளுக்கொரு மணியைச் சொடுக்கிப் பழக்கத்தைக் காப்பாற்றினார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. 2023இல் மூன்றாம் சார்ள்ஸ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக மறுபடியும் ஆள் சேர்த்தார்கள்.

அயலவர்களின் பொறுமையும் இன்று ஒரு கேள்வி. விழாவுக்கு அடிக்கும் மணியை இரசிப்பவர்கள் வாராந்தத் தடுமாற்றத்தை இரசிப்பதில்லை. அதற்காகப் பல கோபுரங்களில் ஒலியைக் குறைக்கும் தடுப்புப் பலகைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். மணியின் நாக்கைக் கட்டிவைத்து, சில்லில் உணரியைப் பொருத்தி, கணினி வழியாக அறைக்குள் மட்டும் ஓசை கேட்கும்படி செய்யும் முறையும் உண்டு.

பதிவுசெய்த மணியோசையை ஒலிபெருக்கியில் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். சில தேவாலயங்கள் அப்படிச் செய்யவும் செய்கின்றன. நம்மிடையேயும் பூசை நேரத்தில் ஆளை நிறுத்தாமல் மின்மோட்டாரில் மணியும் மேளமும் அடிக்கும் இயந்திரத்தை வைத்த கோயில்கள் இருக்கின்றன. ஓசை குறைவில்லாமல் வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நின்று பழகிய ஆள் இல்லாமல் போகிறார், அவரிடம் கற்க வந்திருக்கக்கூடிய பிள்ளையும் இல்லாமல் போகிறது.

லண்டனிலும் மற்ற நகரங்களிலும் வாழும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி. வீட்டுக்கு அருகே வார நாள் மாலையில் மணியோசை கேட்டால், அங்கே பெரும்பாலும் புதியவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுவாகச் சமயமும் சங்கீத ஞானமும் கேட்கமாட்டார்கள். கயிறு ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். முதல் நாள் பார்த்துவிட்டு வருவதற்கு, படியேறத் தயாராக இருந்தால் போதும்.