கேஸ் தீர்ந்துடுச்சா? பழைய எண்ணெய் டின்னில் மரத்தூள் அடுப்பு செய்வது எப்படி?

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டா கிராமங்கள் பல நாட்கள் கரண்ட் இல்லாமல் தவித்தன. இண்டக்‌ஷன் ஸ்டவ் இருந்தும் பயனில்லை, விறகெல்லாம் ஈரம். இப்படி ஒரு நாளில் கைகொடுக்கக் கூடியது மரத்தூள் அடுப்பு.

என்னென்ன வேண்டும்?

காலி எண்ணெய் டின், மர அறுவை மில்லில் கிடைக்கும் காய்ந்த மரத்தூள், ஒரு பாட்டில், பாட்டில் பருமனுக்கு ஒரு கட்டை. அவ்வளவுதான்.

செய்முறை

டின்னின் மேல்மூடியை வெட்டி எடுங்கள். ஓரம் கையைக் கிழிக்கும், தட்டி மடக்கிவிடுங்கள். அடிப்பக்கத்தில் கட்டை நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். டின்னின் நடுவே பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாகக் கட்டையை விட்டு பாட்டிலின் அடியைத் தொடச் செய்யுங்கள். சுற்றிலும் மரத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நன்றாக இடியுங்கள். கடைசியில் பாட்டிலை மெதுவாகத் திருகி மேலே எடுத்துவிட்டு, கட்டையையும் உருவுங்கள். உள்ளே 'எல்' வடிவில் ஒரு குழி கிடைக்கும்.

அடி ஓட்டையில் சின்னச் சுள்ளிகளை வைத்துப் பற்ற வையுங்கள். மேலே இரண்டு இரும்புக் கம்பிகளைப் போட்டு, அதன்மேல் பாத்திரம் வையுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் தீ அணைந்துவிடும்.

எப்படி எரிகிறது?

சூடான காற்று மேலே போக, அடி ஓட்டை வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். குழியின் சுவரிலிருந்து மரத்தூள் மெல்ல வெளிப்பக்கமாக எரியும். நன்றாக இடித்த தூள் மணிக்கணக்கில் தாங்கும். சரியாக இடிக்காவிட்டால் சரிந்து, புகையத் தொடங்கிவிடும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

வீட்டுக்குள்ளோ, டெண்ட்டுக்குள்ளோ பற்ற வைக்கவே கூடாது. இதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைசுற்றல், வாந்தி என்று ஆரம்பித்து உயிரையே பறித்துவிடும். மழை என்றாலும், நாலு பக்கமும் திறந்த கொட்டகையில்தான் வைக்க வேண்டும். ஆனால் கீற்றுக் கூரைக்குக் கீழே வேண்டாம்.

பெயின்ட் டப்பா, துத்தநாகப் பூச்சு உள்ள வாளி இரண்டையும் தவிருங்கள், சூடானால் நச்சுப் புகை வரும். பிளைவுட் தூளிலும் பசை இருக்கும். எரியும்போது தூளைக் கொட்டுவதோ, அடுப்பை நகர்த்துவதோ ஆபத்து.

சமைத்து முடித்ததும் தண்ணீர் ஊற்றி முழுசாக அணையுங்கள். மேலே சாம்பலாகத் தெரிந்தாலும், உள்ளே கனல் இருக்கும்.