கையொப்பமும் இசைவும்
(இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட உடன்படிக்கைகள் குறித்து ஒரு நோக்கு)

தகடூர் அதியமானின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு நமக்கு அறிவிக்கிறது. வள்ளுவப் பெருந்தகையும் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். போரைத் தவிர்ப்பதும் மூண்ட போரை முடித்துவைப்பதும் சொல்லால் இயலும் என்பது தமிழர் கண்ட உண்மை. ஆயினும், போரின் முடிவில் எழுதப்படும் உடன்படிக்கைகளுள் சில நிலைக்கின்றன. சில மறுபோருக்கே வித்தாகின்றன. இவ்வேறுபாடு எதனால் நேர்கிறது? 1919 முதல் 1939 வரையிலான ஐரோப்பிய வரலாற்றைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

நம் மண் கண்ட உடன்படிக்கை

கெலமங்கலம் வட்டாரத்தினராகிய நமக்கு இவ்வினா புதிதன்று. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் ஆட்சிப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர நேர்ந்தது. தம் மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பினார். பாரமகாலும் இராயக்கோட்டையும் கும்பினியார் வசமாயின. ஓசூர், கெலமங்கலப் பகுதிகள் மைசூர் அரசின்கீழ் எஞ்சின. ஏழே ஆண்டுகள் கழிந்தன. 1799இல் கும்பினிப் படை அவ்வெல்லையைக் கடந்து ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கிச் சென்றது. வென்றவர் வகுத்துத் தோற்றவர் மீது சுமத்திய ஏற்பாடு அவ்வளவு காலமே தாங்கிற்று.

வெர்சேல்ஸ்

முதல் உலகப் போரின் முடிவில், 1919 சூன் 28ஆம் நாள், வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதன் 440 விதிகளையும் வென்ற நாடுகளே வகுத்தன. செர்மானியப் பேராளர்கள் தம் மறுப்பை எழுத்தில் தரலாம். மாநாட்டில் அமர்ந்து வாதிட அவர்களுக்கு இடமில்லை. போரினால் விளைந்த இழப்புகளுக்குச் செர்மனியும் அதன் துணைநாடுகளுமே பொறுப்பு என 231ஆம் விதி உரைத்தது. 1921இல் இழப்பீட்டுத் தொகை 13,200 கோடி தங்க மார்க்குகள் என வரையறுக்கப்பட்டது. அந்நாட்டு மக்கள் இதனைத் 'திணிக்கப்பட்ட அமைதி' என்றே கருதினர். அக்கசப்பைப் பின்னாளில் இட்லர் தமக்குப் படிக்கட்டாக்கிக் கொண்டார்.

இவ்வேட்டில் இந்தியாவின் பெயராலும் கையொப்பம் உண்டு. இட்டவர்கள் இந்திய அமைச்சர் மாண்டேகுவும் பிகானீர் மன்னர் கங்கா சிங்கும் ஆவர். 1922இல் வாசிங்டன் கடற்படை உடன்படிக்கையில் இந்தியாவிற்காகக் கையொப்பமிட்டவர், தஞ்சை மாவட்டத்து வலங்கைமான் தந்த சீனிவாச சாஸ்திரியார். தமிழர் ஒருவரின் பெயர் உலக உடன்படிக்கையில் இடம்பெற்றது பெருமைக்குரியதே. ஆயினும் அந்நாளில் இந்தியாவின் கையொப்பம் இருந்ததேயன்றி இந்திய மக்களின் இசைவு கேட்கப்படவில்லை. இக்குறை வெளிப்படையாகத் தெரிந்த இடம் துருக்கிச் சிக்கலாகும்.

செவ்ரேயும் சென்னைக் கடற்கரையும்

துருக்கியர் பெரும்பான்மையாக வாழும் ஆசியா மைனரையும் திரேசையும் பறிப்பது தம் நோக்கமன்று என 1918 சனவரி 5ஆம் நாள் பிரித்தானியத் தலைமையமைச்சர் லாயிட் ஜார்ஜ் உரைத்திருந்தார். இந்திய முஸ்லிம்கள் அதனை வாக்குறுதியாகவே கொண்டனர். போர் முடிந்தபின் நிலைமை மாறியது. மௌலானா முகம்மது அலி தலைமையில் கிலாபத் தூதுக்குழு 1920 மார்ச்சில் இலண்டனில் லாயிட் ஜார்ஜைச் சந்தித்து முறையிட்டது, பயன் விளையவில்லை.

1920 ஆகஸ்டு 10ஆம் நாள், பாரிசை அடுத்த செவ்ரே என்னும் ஊரின் பீங்கான் தொழிற்சாலைக் கூடத்தில் உதுமானியப் பேராளர்கள் கையொப்பமிட்டனர். கிழக்குத் திரேசின் பெரும்பகுதி கிரேக்கத்திற்குச் சென்றது. ஸ்மர்னா நகர் கிரேக்க நிருவாகத்தின்கீழ் வைக்கப்பட்டது. நீரிணைகள் பன்னாட்டு ஆணையத்தின் பொறுப்பாயின. நாட்டின் நிதியும் நேச நாடுகளின் மேற்பார்வைக்கு உட்பட்டது.

இரு நாட்கள் கழிந்து, ஆகஸ்டு 12ஆம் நாள், சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் காந்தியடிகள் ஒத்துழையாமை குறித்து உரையாற்றினார். மௌலானா சௌக்கத் அலி அச்சுற்றுப்பயணத்தில் உடன்வந்தார். கிலாபத்தின் கோரிக்கையும் பஞ்சாப் படுகொலைக்கான நீதியும் ஒரே இயக்கமாயின. சென்னையின் யாகூப் ஹசன் சேட் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்று 1921இல் சிறை புகுந்தார். ஐரோப்பியக் கூடமொன்றில் எழுதப்பட்ட ஏடு நம் மாநிலத்துத் தெருக்களில் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்கு வழிவகுத்தமை வரலாற்றின் விந்தையாகும். செவ்ரே ஏற்பாட்டைத் திருத்த வேண்டும் என்ற இந்திய அரசின் தந்தியை வெளியிட்டமைக்காக 1922 மார்ச்சில் மாண்டேகு பதவி இழந்தார்.

லோசான்

செவ்ரே உடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. முஸ்தபா கமாலின் தலைமையில் அங்காராவில் கூடிய பேரவை அதனை ஏற்க மறுத்தது. போர்க்களம் 1922இல் துருக்கியர்க்குச் சாதகமாக முடிந்தது. அவ்வாண்டு நவம்பரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மாநாடு கூடியது. கர்சன் பிரபுவின் எதிரே இஸ்மத் பாஷா சரிநிகராய் அமர்ந்தார். செவிப்புலன் குறைந்தவரான அவர், தமக்கு உவப்பில்லாதவற்றைக் கேளாதவர்போல் இருந்து வாதைத் தொடர்ந்தார் என்பர். பேச்சு ஒருமுறை முறிந்து மீண்டும் தொடங்கி, 1923 சூலை 24ஆம் நாள் உடன்பாடு கையொப்பமாயிற்று. முதல் உலகப் போரை முடித்த பெரிய உடன்படிக்கைகளுள் இன்றும் உயிரோடிருப்பது இதுவே.

இதன் கறையையும் நாம் மறைத்தல் தகாது. கிரேக்கமும் துருக்கியும் மக்களைச் சமயத்தின் அடிப்படையில் மாற்றிக்கொண்டன. ஏறத்தாழ 12 லட்சம் கிறித்தவரும் 4 லட்சத்தை ஒட்டிய முஸ்லிம்களும் பிறந்த மண்ணை விட்டகன்றனர். துருக்கி மொழி பேசிய கிறித்தவர் கிரேக்கத்திற்கும், கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். அரசுகளின் இசைவு பெறப்பட்டது. அம்மக்களின் இசைவு பெறப்படவில்லை. 1924 மார்ச் 3ஆம் நாள் துருக்கிப் பேரவையே கிலாபத்தை நீக்கியது. அந்நாட்டு மக்களின் கருத்தோட்டத்தைத் தொலைவிலிருந்து முழுதும் உணர்ந்திராத இந்திய இயக்கம் திகைத்து நின்றது.

முடிவுரை

1925இல் லோகார்னோவில் செர்மனி நிகராக அமர்ந்து பேசியபோது ஐரோப்பா சில ஆண்டுகள் ஆறுதல் கண்டது. 1938 செப்டம்பரில் மியூனிக்கில் செக்கோசுலோவாக்கியாவின் நிலம் பங்கிடப்பட்டபோது அந்நாட்டவர்க்கு மேசையில் இடம் தரப்படவில்லை; ஓராண்டு முடியுமுன் இரண்டாம் உலகப் போர் மூண்டது. போருக்குக் காரணங்கள் பல எனினும், இசைவின்றி எழுதிய ஏடுகள் அதனைத் தடுக்க வலுவற்றிருந்தன என்பது தெளிவு.

எனவே, உடன்படிக்கை எதனைப் பயிலினும் மாணவர்கள் அதன் விதிகளோடு நின்றுவிடலாகாது. மேசையில் அமர்ந்தவர் யார், எவருடைய நிலமும் வாழ்வும் அவர்தம் இசைவின்றிப் பேசப்பட்டன என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். வென்றவனின் வாள் கையொப்பத்தை வாங்கித் தரலாம். அதற்கு ஆயுளைத் தருவது எதிரே அமர்ந்தவனின் உள்ளம் இசைதலே.