பிரீமியம் பெட்ரோல் போட்டால் பிக்கப் கூடுமா?

காலை ஆறரை மணி. கடம்பத்தூரிலிருந்து திருவள்ளூர் போகும் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். பின்பாடி முழுக்கச் செங்கல் தூசியோடு ஒரு குட்டியானை வந்து நின்றது. "நார்மலாண்ணா, பிரீமியமா?" என்று கேட்டார் பெட்ரோல் போடும் பெண்.

"பிரீமியமே போடும்மா. நேத்து லோடோட திருத்தணி மேட்டுல வண்டி இழுக்கவே இல்ல."

பக்கத்தில் நின்றிருந்த நான், "அண்ணே, அதைப் போட்டா வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுற மாதிரிதான் இருக்கு சார். லிட்டருக்கு ஏழு ரூபா கூட வாங்குறாங்களே, சும்மாவா வாங்குவாங்க?"

விலை கூடினால் சரக்கும் உசத்தி என்று நினைப்பது இயல்பு. அரிசியில், துணியில் அப்படித்தானே பார்த்துப் பழகியிருக்கிறோம். பெட்ரோலில் அந்தக் கணக்கு ஏன் செல்லாது என்பதைச் சொல்ல இன்ஜினுக்குள் போயாக வேண்டும்.

இந்த ஊருக்கு இன்ஜின் புதிதல்ல. கடம்பத்தூரை ஒட்டிய அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998-இல் மிட்சுபிஷி லான்சர் கார் வெளிவந்தது. ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆலை 2016-இல் திறக்கப்படும் வரை, இசுசு டி-மேக்ஸ் பிக்கப் வண்டியும் இங்கேதான் ஒருங்கிணைக்கப்பட்டது. இப்போது அதிகத்தூர் ஆலையில் சித்ரோயன் கார்கள் தயாராகின்றன. டி-மேக்ஸ் டீசல் வண்டி. தோஸ்த், பொலேரோ பிக்கப், 2005-இல் வந்த முதல் குட்டியானை எல்லாமே டீசல் வண்டிகளாக வந்தவைதான். டீசலில் ஆக்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்ததும் சின்ன டீசல் இன்ஜினின் புகையைச் சுத்திகரிக்கும் செலவு கூடியது. 694 சி.சி. பெட்ரோல் இன்ஜினோடு குட்டியானை வந்தது அந்த விதியை ஒட்டித்தான். ஆகவே நார்மலா, பிரீமியமா என்ற கேள்வி லோடு வண்டிக்காரருக்குப் புதுசு.

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்த கலவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஸ்பார்க் பிளக் பொறி தட்டுகிறது. தீ பிளக்கின் முனையில் பற்றி, ஒரு சீராகப் பரவிக் கடைசி மூலை வரை போக வேண்டும். தீபாவளிச் சரவெடியை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் பற்றவைத்தால் வரிசையாக வெடித்துக்கொண்டே போகும். நெருப்பு வந்து சேரும் முன்பே மறுமுனையிலிருக்கும் வெடிகள் சூட்டிலேயே வெடித்துவிட்டால்? இன்ஜினுக்குள் நடக்கும் அந்தக் கோளாறுக்குத்தான் நாக்கிங் என்று பெயர். தீ நெருங்க நெருங்க, எரியாமல் மிச்சமிருக்கும் கலவை நசுங்கிச் சூடாகித் தானாகவே வெடித்துவிடுகிறது. மேட்டில் லோடோடு ஏறும்போது தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்குவது போலக் கேட்கும் சத்தம் அதுதான். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனே போய்விடும்.

அப்படி முந்திக்கொண்டு வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன் எண். 1920-களில் அமெரிக்காவின் கிரஹாம் எட்கர் இந்த அளவுகோலை வகுத்தார். எளிதில் நாக்கிங் அடிக்கும் ஹெப்டேனுக்கு 0, நன்றாகத் தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100. பெட்ரோலைச் சோதிப்பதற்கென்றே ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை தாங்கும் அளவுக்கு அந்த இன்ஜினில் அதுவும் தாங்குகிறது என்று பொருள்.

கவனியுங்கள், இந்த எண்ணில் எங்கேயும் சக்தி வரவில்லை. 91 ஆக்டேன் ஒரு லிட்டரிலும் 95 ஆக்டேன் ஒரு லிட்டரிலும் உள்ள எரிசக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடுதல் ஆக்டேனின் பலன், அதிக அழுத்தத்தில் கலவையை நெருக்கும் இன்ஜினுக்கும் டர்போ இன்ஜினுக்கும் கிடைக்கும். 91-க்கென்று வடிவமைத்த இன்ஜினில் அழுத்தம் மாறப்போவதில்லை. தாங்கும் திறன் கூடிய பெட்ரோலை ஊற்றினாலும் அங்கே தாங்குவதற்குக் கூடுதலாக எதுவும் இல்லை.

ஆக்டேன் வேறு, சக்தி வேறு என்பதற்கு எத்தனாலை விடக் கண்கூடான சாட்சி கிடையாது. அதன் ஆக்டேன் 100-ஐத் தாண்டும். ஆனால் பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 32 மெகாஜூல் தரும் இடத்தில் எத்தனால் 21 மெகாஜூல்தான் தருகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இன்று நார்மல் என்று கேட்டாலே அதுதான் கிடைக்கிறது. அதற்கான இந்தியத் தரநிர்ணயம் கேட்பதே குறைந்தது 95 ஆக்டேன். அதாவது, கூடுதல் காசு கொடுத்து ஓட்டுநர் தேடிப்போகும் ஆக்டேன் நார்மல் பைப்பிலேயே வந்துவிட்டது. மைலேஜோ குறைந்தது. பெட்ரோலுக்கென்று வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதமும், 10 சதவீதக் கலப்புக்கு வடிவமைத்து 20-க்குச் சரிசெய்தவற்றில் 1 முதல் 2 சதவீதமும் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டிருந்தது. லோடு வண்டிக்காரர்கள் சொல்லும் மைலேஜ் குறை கற்பனை அல்ல. ஆனால் ஆக்டேனைக் கூட்டி அதை மீட்க முடியாது.

பிரீமியத்தால் பலன் உண்டா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ., 2016-இல் சாதாரணப் பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த மூன்று வண்டிகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் ஒன்று டொயோட்டா டன்ட்ரா பிக்கப். சக்தி, மைலேஜ், புகை மூன்றையும் அளந்ததில், பிரீமியம் போட்டதால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் எதுவும் தெரியவில்லை. தேவையில்லாத வண்டிகளுக்குப் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஓராண்டில் வீணாக்கிய தொகை 210 கோடி டாலர் என்றும் அந்தச் சங்கம் கணக்கிட்டது. பிரீமியம் போட்டால் நல்லது என்று தயாரிப்பாளரே பரிந்துரைக்கும் வண்டிகளை மறு ஆண்டு சோதித்தபோதும் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம்தான் கூடியது.

அந்த 2.7-ஐ நம் பெட்ரோல் பங்க்குக்குக் கொண்டுவந்து பாருங்கள். நார்மல் 101 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி 16 ஓடினால்தான் போட்ட காசு திரும்பும். அதற்கு மைலேஜ் 7 சதவீதம் கூட வேண்டும். பரிந்துரைத்த வண்டிக்கே கிடைக்காதது நம் குட்டியானைக்கு எப்படிக் கிடைக்கும்? ஒரு நாளைக்கு 7 லிட்டர், மாதம் 26 நாள் ஓட்டம் என்றால் கூடுதல் செலவு 1,274 ரூபாய். தவணை கட்டி ஓட்டும் குடும்பத்தில் அது பிள்ளையின் டியூஷன் காசு. எனக்கு வருத்தம் தருவது இதுதான். வண்டி மேல் உள்ள அக்கறையால்தான் அவர் அந்தக் காசைச் செலவழிக்கிறார்.

பிரீமியத்தால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அதில் கலக்கும் சுத்திகரிப்பு மருந்து இன்ஜெக்டரிலும் வால்விலும் படியும் கசடைக் கரைக்கும். பழைய வண்டி, உள்ளே கரி படிந்திருக்கிறது, கத்திரி வெயிலில் லோடோடு ஏறும்போது நாக்கிங் அடிக்கிறது என்றால், ஆக்டேன் கூடிய பெட்ரோல் சத்தத்தை அடக்கவும் கூடும். ஆனால் அது வலி மாத்திரை மாதிரி. கரியை எடுக்கத்தான் வழி பார்க்க வேண்டும். டர்போ கார் வைத்திருப்பவர் மேனுவலில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யட்டும். 2020 டிசம்பரில் டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்க்கு அறிமுகமான 100 ஆக்டேன் பெட்ரோல் உயர்ரகக் கார்களையும் பைக்குகளையும் மனதில் வைத்து வந்தது. செங்கல் ஏற்றும் வண்டிக்கு அங்கே வேலையில்லை.

திருத்தணி மேட்டில் வண்டி ஏன் இழுக்கவில்லை? அன்று அவரோடு மெக்கானிக் கடை வரை போனேன். மெக்கானிக் முதலில் ஏர் ஃபில்டரைத்தான் கழற்றினார். தரையில் இரண்டு தட்டு தட்டினார். மிளகாய்த்தூள் கொட்டினாற்போல ஒரு சின்னக் குவியல். எல்லாம் சூளைச் செம்மண். காகித மடிப்புகளுக்கு நடுவே விரலை விட்டால் நகக்கண் வரை சிவந்தது.

"இன்னாண்ணா இது, வண்டி எப்டி மூச்சு விடும்?"

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதையும் ஆராய்ந்திருக்கிறது. இன்ஜெக்டர் வைத்த இன்றைய வண்டிகளில் ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் பெரிதாகக் குறையாது. உள்ளே வரும் காற்றுக்குத் தக்கபடி கணினி பெட்ரோலையும் குறைத்துவிடும். குறைவது வேகமெடுக்கும் திறன், நாம் பிக்கப் என்று சொல்கிறோமே, அதுதான். ஓட்டுநர் சொன்ன குறை சரி. அதற்கு அவர் தேடிய மருந்து மட்டும் வேறு.

அடுத்து பிளக். நல்ல பிளக்கின் முனை வெளிர் காப்பி நிறத்தில் இருக்கும். இவருடையதில் ஒன்று அப்படியே இருந்தது. இன்னொன்றில் கரி கட்டியிருந்தது. இரண்டு சிலிண்டர் வண்டியில் ஒன்று தடுமாறினால் பாதி வண்டி தடுமாறுகிறது என்றுதான் கணக்கு. டயரிலும் காற்று குறைவு.

புது ஃபில்டரும் இரண்டு பிளக்கும் மாட்டி முடிக்கும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சார், நார்மலா பிரீமியமான்னு நானே எப்டி பாக்குறது?"

எப்போதும் ஒரே பங்க். நாசில் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அதே போல நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு டேங்க் போதாது. நார்மலில் ஐந்து, பிரீமியத்தில் ஐந்து. இரண்டுக்கும் ஒரே ரூட், ஏறக்குறைய அதே லோடு. காசு கூடக் கொடுத்த அன்று கால் தானாக மெதுவாகத்தான் மிதிக்கும், அதையும் கவனிக்க வேண்டும் என்றேன். அவர் டேஷ்போர்டிலிருந்து டோல் சீட்டு ஒன்றை எடுத்துத் திருப்பி, காதில் செருகியிருந்த பேனாவால் மீட்டர் எண்ணை எழுதினார். பக்கத்தில் 'பிரீமியம், 1' என்று போட்டு, சீட்டைக் கண்ணாடி ஓரத்தில் செருகிவிட்டுச் சூளைப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.