கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

கேள்வி சின்னக் கேள்விதான். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை!

2017–ம் ஆண்டு நவம்பர் 30–ந் தேதி, வியாழக்கிழமை. குமரி முனைக்கு அருகே கடலில் புயல் உருவாயிற்று. அதற்கு "ஒகி" என்று பெயர். வங்காள தேசம் வைத்த பெயர் அது. வங்க மொழியில் "கண்" என்று அர்த்தம்.

முந்தின நாள் அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். விடிந்தபோது புயல்! குமரி மாவட்டத்தில் வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. ரப்பர் மரங்கள் முறிந்தன. மின்சாரக் கம்பங்கள் சாய்ந்தன. ஊர் ஊராக இருட்டு.

நிலத்தில் விழுந்த மரத்தை எண்ணிவிடலாம். கடலில் இருக்கிற மனிதனை எப்படி எண்ணுவது?

எட்டு ஊர்கள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி எட்டு மீனவ ஊர்கள் இருக்கின்றன. நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை.

இந்த ஊர்க்காரர்கள் சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் அல்ல. ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். சில வேளை ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். படகு புறப்படுவதும் சொந்த ஊரில் இருந்து அல்ல. பெரும்பாலும் கொச்சியில் இருந்து.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆள் தமிழ்நாடு. துறைமுகம் கேரளம். படகின் பதிவு ஒரு மாநிலத்தில், அதில் வேலை செய்கிறவர்கள் வேறு மாநிலத்தில். பதிவுப் புத்தகத்தில் படகின் நம்பர் இருக்கும். இன்றைக்கு அதில் யார் யார் ஏறினார்கள் என்பது இருக்காது.

புயலுக்குப் பிறகு, மகாராஷ்டிர மாநிலத்தில் 68 படகுகள் கரை ஒதுங்கின. அவற்றில் 952 பேர் உயிரோடு இருந்தார்கள். 66 படகுகள் கேரளத்தைச் சேர்ந்தவை, 2 படகுகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை என்று அந்த மாநில முதல்–மந்திரி அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் தூத்தூரில் காத்திருந்த தாய்க்கு அது போதுமா? கேரளப் படகு என்றால் அதில் இருப்பவர் எல்லாம் கேரள ஆட்கள் என்று அர்த்தம் இல்லையே! அவளுக்கு வேண்டியது படகுக் கணக்கு அல்ல. மகனின் பெயர்.

அந்தப் பெயர்ப்பட்டியலை எழுதியது யார்? பங்குக் கோயில்களும் மீனவர் சங்கங்களும்தான் ஊர் ஊராக எழுதின. எந்த வீட்டில் யார் போனார், எந்தப் படகில் போனார், யாரோடு போனார் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். சர்க்கார் சொன்ன எண்ணிக்கை ஒன்றாகவும், ஊர்ப் பட்டியல் வேறாகவும் இருந்தது. இதனால் கோபமும் போராட்டமும் மூண்டன.

டிசம்பர் 27–ந் தேதி ராணுவ மந்திரி நிர்மலா சீதாராமன் பாராளுமன்றத்தில் ஒரு கணக்குக் கொடுத்தார். மீட்கப்பட்டவர்கள் 845 பேர். டிசம்பர் 20–ந் தேதி நிலவரப்படி காணாமல் போனவர்கள் 661 பேர். அவர்களில் 400 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், 261 பேர் கேரளத்துக்காரர்கள். புயல் அடித்து மூன்று வாரத்துக்குப் பிறகு இந்த நிலை! அதற்குப் பிறகும் சிலர் கரை சேர்ந்தார்கள். பட்டியல் சுருங்கியது. சில பெயர்கள் மட்டும் அழியவே இல்லை.

பட்டியலில் பெயர் இருப்பது துக்கத்துக்கு மட்டும் அல்ல, சோற்றுக்கும் வேண்டியதாயிற்று. 7 ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கருதலாம் என்பது சட்டம். ஒகியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை அத்தனை காலம் காக்க வைக்காமல், ரூ.20 லட்சம் நிவாரணம் கொடுக்க தமிழக அரசு முடிவு செய்தது. பெயர் விட்டுப் போயிருந்தால் அந்த வீட்டின் கதி என்ன?

எழுத்தறிந்த மாவட்டம்

குமரி மாவட்டத்துக்குத் தலை எண்ணுவது புதிது அல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு இருந்த காலத்திலேயே, 1875–ல் இங்கு மக்கள் தொகைக் கணக்கு எடுத்தார்கள். நாகமய்யா என்ற அதிகாரி அதற்கு அறிக்கை எழுதினார்.

2011–ம் ஆண்டுக் கணக்குப்படி மாவட்டத்தின் மக்கள் தொகை 18,70,374. எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 91.75 பேர். தமிழ்நாட்டிலேயே முதல் இடம்! அப்படிப்பட்ட மாவட்டத்தில், கடலில் இருந்த பிள்ளைகளின் பட்டியல் யாரிடமும் முழுதாக இல்லை. மக்கள் தொகைக் கணக்கு வீட்டில் இருக்கிறவரை எண்ணும். கடலில் இருக்கிறவரை நாள்தோறும் எண்ணுவது அதன் வேலை அல்ல.

இப்போது "தரவு அறிவியல்" என்று ஒரு படிப்பு வந்திருக்கிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பல இடத்தில் சிதறிக் கிடக்கிற விவரங்களை ஒன்றாகச் சேர்ப்பது, ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பார்ப்பது, அதில் இருந்து உண்மையைக் கண்டுபிடிப்பது, அவ்வளவுதான். கணிப்பொறி அதை வேகமாகச் செய்கிறது. 2017 டிசம்பரில் பங்குக் கோயில்களில் கையால் செய்த வேலையும் அதுவே.

நம்புவார்களா?

ஆளை எண்ணினால் மட்டும் போதாது. அவர் மனதில் இருப்பதையும் கேட்க வேண்டும்.

"கடலுக்குப் போகாதே" என்று எச்சரிக்கை வருகிறது. மீனவர் வலையைச் சுருட்டி வைக்கிறார். அன்று கடல் குளம் போல் கிடக்கிறது! அடுப்பு எரியவில்லை. இப்படி நாலு முறை நடந்தால், ஐந்தாவது எச்சரிக்கையை அவர் நம்புவாரா? நீங்களே சொல்லுங்கள்.

சொல்லும் மொழியிலும் கோளாறு உண்டு. "தாழ்வு மண்டலம்" என்கிறது வானிலை அறிக்கை. கடற்கரையில் புழங்கும் சொற்கள் வாடை, கொண்டல், கச்சான். ஆழத்தை "பாகம்" கணக்கில் அளக்கிறவர்கள் அவர்கள். மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலில் இடம் குறிக்கும் "கணிச்சம்" தெரிந்தவர்கள். அவர்களைப் பாமரர் என்று நினைத்து அறிக்கை எழுதினால் அது காதில் ஏறாது.

பக்கத்துத் திருவனந்தபுரம் கடற்கரையில் "ரேடியோ மான்சூன்" என்று ஒரு முயற்சி நடந்தது. கடல் நிலவரத்தை மீனவர் பேச்சிலேயே சொன்னார்கள். அதோடு, அறிவிப்பு பயன்பட்டதா என்று அவர்களிடமே கேட்டார்கள். இரண்டாவது வேலைதான் பெரிது என்பேன். எச்சரிக்கை கொடுக்கிறவர் பலர். அதைக் கேட்டவர் என்ன செய்தார் என்று விசாரிக்கிறவர் சிலரே.

பேசும் பெட்டி

ஒகிக்குப் பிறகு கருவிகள் வந்தன. 2019–ல் "ஜெமினி" என்ற கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. செல்போன் எட்டாத ஆழ்கடலிலும், செயற்கைக்கோள் வழியாகப் புயல் செய்தி வரும். தமிழ் உள்பட பல மொழிகளில் படிக்கலாம். ஆனால் அது கேட்கும், பேசாது. படகில் இருக்கிறவர் "ஆபத்து" என்று சொல்ல வழி இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க, இரு வழியிலும் செய்தி அனுப்பும் கருவிகளை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. படகு எங்கே நிற்கிறது என்று கரையில் தெரியும். 2025 நவம்பரில் மீனவர் குடும்பக் கணக்கெடுப்பும் நடந்தது. இந்த முறை காகிதத்துக்குப் பதில் செல்போனிலேயே எழுதிக் கொண்டார்கள்.

கருவி படகைக் காட்டும். குடும்பக் கணக்கு வீட்டைக் காட்டும். இன்று அந்தப் படகில் ஏறியவர்கள் யார் யார் என்பதை இரண்டும் தாமாகச் சொல்லிவிடாது. புறப்படும்போதே பெயர்களைத் துறைமுகத்திலும் ஊரிலும் எழுதி வைத்தால்தான் உண்டு. கொச்சியில் ஏறினாலும் சரி, தேங்காய்ப்பட்டினத்தில் ஏறினாலும் சரி. வெளி மாநிலத்தில் இருந்து கூலிக்கு வந்த பையனாக இருந்தாலும் சரி. அவனுக்கும் எங்கோ ஓர் ஊரில் தாய் இருப்பாள். அவளுக்குத் தகவல் சொல்ல, அவன் ஊர்ப் பெயரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.