ஊசியை நிறுத்தச் சொல்லும் வீடியோக்கள்

எலும்பு பலம்பெற என்ன சாப்பிடலாம் என்று யூடியூபில் தேடினால் பிரண்டைத் துவையலும் கேழ்வரகுக் கூழும் எள்ளுருண்டையும் வரிசைகட்டி வருகின்றன. நல்ல உணவுகள்தான். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் எனும் மதிப்பு மைனஸ் 2.5-க்கும் கீழே போய், முதுகெலும்பு ஒருமுறை நொறுங்கியும்விட்ட அம்மாவுக்குக் கூழ் மட்டும் போதாது. அதைச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய குறை.

அதைவிடக் கவலை தருவது மருந்தைப் பற்றிக் கிளப்பப்படும் பயம். ஆஸ்டியோபோரோசிஸ் எனும் எலும்புப்புரைக்குத் தரும் மருந்துகள் தாடை எலும்பை அரித்துவிடும் என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். அந்தப் பாதிப்பு உண்டு. ஆனால் எலும்புப்புரைக்குத் தரும் அளவில் மிக அரிது. புற்றுநோயாளிகளுக்கு அதிக அளவில், அடிக்கடி செலுத்தும்போதுதான் ஆபத்து கூடுகிறது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ‘உடனே நிறுத்துங்கள்’ என்பது பொறுப்பற்ற பேச்சு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியையே எடுத்துக்கொள்வோம். பயந்துபோய் அதை விட்டுவிட்டால், அடங்கியிருந்த எலும்புக் கரைவு முன்பைவிட வேகமாகத் திரும்பும். ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் நொறுங்கவும் கூடும். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லும் வேறு மருந்துக்கு மாறியாக வேண்டும்.

வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையும் பக்குவம் கேட்பது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். காபியோ பாலோ கூடாது. பிறகு அரை மணி நேரம் எதையும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.

உடற்பயிற்சி வீடியோக்களிலும் எச்சரிக்கை தேவை. எலும்புப்புரை உள்ள பெண்களிடம் அமெரிக்காவின் மேயோ கிளினிக் நடத்திய ஆய்வு 1984-இல் வெளியானது. முன்னால் குனியும் பயிற்சிகள் செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கு முதுகெலும்பு மேலும் முறிந்திருந்தது. முதுகை நிமிர்த்தும் பயிற்சிகள் செய்தவர்களில் 16 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான் என்றாலும், வயதானவர்களைக் கால்விரல் தொடக் குனியச் சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மருத்துவத் தகவலின் தரத்தை எடைபோட, பிரிட்டனில் உருவான ‘டிஸ்கர்ன்’ என்ற 16 கேள்விகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஆதாரம் எது, எப்போது வந்தது, பலனோடு ஆபத்தும் சொல்லப்படுகிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. சிகிச்சையே எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. பயமுறுத்தும் வீடியோக்கள் தோற்பது இங்கேதான்.

வீட்டில் யாராவது டெனோசுமாப் ஊசி போட்டுக்கொண்டிருந்தால், அடுத்த தேதியை இன்றே காலண்டரில் குறித்துவையுங்கள். ஏதாவது வீடியோ பார்த்து மனம் தயங்கினால், அந்தத் தேதி தாண்டும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.