விட்டால் வரும் பெயர்

அல்சூரில் நாங்கள் நாலைந்து பேர் கூடிக் குறள் படிப்பது வழக்கம். அதற்காக உரைகளைத் தொகுத்து லேடெக்கில் அச்சுக்கோத்தேன். டொனால்ட் க்னூத் 1978-இல் தந்த டெக் மீது லெஸ்லி லாம்போர்ட் எழுப்பிய மாடி அது.

'நியூகமாண்ட்' கொண்டு நாமே புதுக் கட்டளை செய்துகொள்ளலாம். நான் செய்தது 'உரை'. முதல் சதுர அடைப்பில் 2. அதாவது உள்ளீடுகள் இரண்டு. அடுத்த சதுர அடைப்பில் பரிமேலழகர். இனிக் கட்டளையை எழுதும்போதெல்லாம், பின்னால் சதுர அடைப்பு வருகிறதா என்று லேடெக் எட்டிப் பார்க்கும். அதில் மணக்குடவர் என்றிருந்தால் அந்தப் பெயர் அச்சாகும். அடைப்பே இல்லையா, பரிமேலழகர் வந்து நிற்பார். 1994-ஆம் ஆண்டுப் பதிப்பு தந்த வசதி இது. ஆனால் இப்படி விடக்கூடிய உள்ளீடு ஒன்றுதான், அதுவும் முதலில்தான். கூடுதலாக வேணும்னா, 2020 முதல் லேடெக்கின் உள்ளேயே 'நியூடாக்குமெண்ட்கமாண்ட்' இருக்கு.

சோம்பேறிக்கு வரம்னு நினைச்சேன். மெய்ப்புப் பார்க்கையில் திக்கென்றது. ஓரிடத்தில் அடைப்பை மறந்திருக்கிறேன். மணக்குடவர் உரை பரிமேலழகர் தலையில்! (குறள்களின் வைப்புமுறையிலேயே வேறுபடுகிறவர்கள் இருவரும்.) பிழைச்செய்தி ஏதுமில்லை, கணினிக்கு அது பிழையே அல்லவே.

இப்போது பரிமேலழகர் இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்திருக்கிறேன். பெயர் விட்டுப்போன இடம் மெய்ப்பில் தானே பல்லிளிக்கும். தட்டச்சு வேலை கூடிவிட்டது, பரவாயில்லை.